என் பெயரில்லாத ஒன்பது சோதனைகள்

நான் ஒருவரைப் பழிவாங்கினேன். அதற்குக் கருவியாக அமைந்தது அவரே என்னை மட்டம் தட்டக் கொடுத்த வேலை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் எழுதத் தொடங்கியதுமே சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

பிரசவ விடுப்பு முடிந்து வேலையில் சேர்ந்த முதல் வாரம். பெங்களூரில் இருக்கும் அலுவலகத்துக்கு நான் திண்டுக்கல்லில் தாடிக்கொம்பு ரோட்டு வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். காணொளிக் கூட்டத்தில் என் குழுத் தலைவர் எல்லோர் முன்பும் சொன்னார்: "அவங்களுக்குக் கைக்குழந்தை. ஹெவியா எதுவும் வேணாம். கிளீனிங் வேலை நிறைய கிடக்கு, அதைப் பார்க்கட்டும். என்னம்மா, ஓகேதானே?"

பத்துப் பேர் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். மகள் என் மடியில் இருந்து மவுஸை நக்கிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் கெர்னல் எழுதுகிறவர்கள். கணினியைத் தட்டினால் முதலில் எழுந்து, அணைத்தால் கடைசியில் படுக்கும் நிரல் அது. மற்ற நிரல்கள் எல்லாம் அதன் தோளில்தான் உட்கார்ந்திருக்கின்றன. உலகம் முழுக்கப் பல பேர் சேர்ந்து எழுதுவதால், ஒவ்வொரு மாற்றமும் பொதுவான ஒரு அஞ்சல் பட்டியலுக்குப் போகும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கேள்வி கேட்கலாம். மாற்றத்துக்கு நாங்கள் சொல்லும் பெயர் பேட்ச்.

கிளீனிங் என்று அவர் சொன்னது இதுதான். எல்லா பிராசஸருக்கும் எல்லா வசதியும் இருக்காது. அதனால் கெர்னல், "உனக்கு இந்த வசதி உண்டா?" என்று பிராசஸரிடம் கேட்டுக்கொள்ளும். தொடங்கும்போதே ஒருமுறை கேட்டுப் பதிலைக் குறித்து வைத்துவிடும். வசதி இல்லையென்றால் அதற்கான பகுதியைத் திறக்கவே திறக்காது. ஆகவே உள்ளே வந்த பிறகு மறுபடி கேட்பது வீண். தியேட்டர் வாசலில் டிக்கெட்டைக் காட்டி உள்ளே வந்தவரிடம் வரிசைக்கு வரிசை ஆள் நிறுத்தி டிக்கெட் கேட்பது மாதிரி. அப்படிப்பட்ட வீண் சோதனைகளைத் தேடி எடுக்க வேண்டும். யாரும் பாராட்டாத வேலை.

மூன்றாம் நாள் ஒரு கோப்பைத் திறந்தேன். ரகசியத் தரவுகளை வேகமாகப் பூட்டித் திறக்கும் வசதி ஒன்றைக் கையாளும் கோப்பு. முதல் திரையைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. நான் எழுதியது அது. நான் வைத்த பெயர்கள், நான் விடும் இடைவெளிகள், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு வரிக் குறிப்பு எழுதும் என் பழக்கம், எல்லாம் இருந்தன. எந்த வரியை யார் எழுதியது என்று காட்டச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர் வந்தது. என் தலைவர் பெயர்.

எனக்கு அது புதிய செய்தி இல்லை. கல்லூரி முடித்துச் சேர்ந்த முதல் வருடம், ஏழு மாதம் உட்கார்ந்து எழுதியது. பயிற்சியில் இருப்பவர்கள் வெளிப் பட்டியலுக்கு நேரடியாக அனுப்பக்கூடாது என்று அலுவலகத்தில் ஒரு விதி இருந்ததால் அவர்தான் அனுப்பினார். இன்னொருவர் எழுதியதை அனுப்பும்போது முதல் வரியில் எழுதியவர் பெயரைப் போடுவது எங்கள் தொழிலின் கட்டாயம். அந்த ஒரு வரி மட்டும் இல்லாமல் போயிருந்தது. கேட்டேன். "அடடா, மறந்துட்டேன்மா. டீம் வேலைதானே? அடுத்த தடவை போட்டுடலாம்" என்றார். நான், "பரவாயில்ல சார்" என்றேன். அதைக் காட்டி அவர் மேடையேறிப் பேசினார், பதவி உயர்வு வாங்கினார். அடுத்த தடவை வரவே இல்லை. ஐந்து வருடமாக என்னை உறுத்துவது அவர் செய்ததைவிட நான் சொன்ன அந்தப் "பரவாயில்ல சார்"தான். குளிக்கும்போது நினைவு வந்தால் சத்தமாகவே ஏதாவது சொல்லி அதை மறைப்பேன்.

கோப்பை வரி வரியாகப் படித்தேன். வீண் சோதனைகள் குவிந்து கிடந்தன. அது என் சுபாவம். கேஸை மூடிவிட்டு வந்து உட்கார்ந்து, மூடினேனா என்று மறுபடி எழுந்து போகிறவள் நான். வெளியே கிளம்பினால் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன். மகள் உடம்பு சுட்டால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, அதையும் நம்பாமல் என் நெற்றியை அவள் நெற்றியில் வைப்பேன். இருபத்திரண்டு வயதில், தப்பாகிவிடுமோ என்ற பயத்தில், ஒவ்வொரு வாசலிலும் ஒரு கேள்வியை நிறுத்தியிருந்தேன். எண்ணினேன். ஒன்பது.

ஒன்பதும் என் பயம். ஒன்பதிலும் அவர் பெயர்.

இங்கே எங்கள் தொழிலின் இன்னொரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு குறையைச் சரிசெய்யும் பேட்சில், அந்தக் குறை எந்த மாற்றத்தால் வந்தது என்பதை அந்த மாற்றத்தின் எண், தலைப்போடு குறிப்பிட வேண்டும். அதை எழுதியவருக்கு ஒரு பிரதியும் போக வேண்டும். யாரையும் குற்றம் சொல்ல அல்ல, விவரம் தெரிந்தவர் பார்க்கட்டும் என்பதற்காக. ஆனால் உலகமே படிக்கும் பட்டியலில், இந்தத் தேவையில்லாத வரி இன்னார் மாற்றத்தில் வந்தது என்று எழுதுவது எப்படி இருக்கும் என்பது எழுதுகிறவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் நாலரை மணிக்கு மதினி மாடியிலிருந்து இறங்கி வந்தார். என் கணவரின் அக்கா. பள்ளிக்கூட டீச்சர். பள்ளி விட்டு வந்ததும் ஆறரை வரை மகளை அவர் வைத்துக்கொள்வார். அந்த இரண்டு மணி நேரம் இல்லாவிட்டால் எனக்கு வேலையே இல்லை.

"என்னத்தா, மூஞ்சி இம்புட்டுத் தெளிவா இருக்கு? பிள்ள மத்தியானம் தூங்குனாளா?"

"இல்ல மதினி. ஒரு ஆளு மாட்டிக்கிட்டாரு."

சொன்னேன். கெர்னல், பேட்ச் எல்லாம் விட்டுவிட்டு நடந்ததை மட்டும் சொன்னேன். மதினி மகளை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்துகிற முகத்தோடு கேட்டார்.

"அப்ப நீ எழுதுன தப்புக்கு அந்தாளு பேரு விழும்?"

"தப்பு இல்ல மதினி. தேவையில்லாதது."

"ரெண்டும் ஒண்ணுதான். எம்புட்டு இருக்கு?"

"ஒம்பது. ஒரே பேட்சாப் போட்டு அனுப்பிரலாம்."

"கூறு இருக்கா உனக்கு? ஒண்ணொண்ணாப் போடு. ஒம்பது தடவ அவன் பேரு வரணும். ஒம்பது தடவ போனு டொய்ங், டொய்ங்குன்னு அடிக்கணும். சோத்துல கை வைக்கையில அடிக்கணும்."

மகள் டொய்ங் என்ற சத்தத்துக்குச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அது சரியா என்று யோசித்தேன். தனித்தனியாக அனுப்புவதில் தொழில்முறைத் தவறு ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே நான்கு காரணங்கள் சொல்லிக்கொண்டேன். நான்கும் உண்மையான காரணம் இல்லை.

சாப்பாட்டு மேசையில், சோதித்துப் பார்க்க அலுவலகம் கொடுத்த போர்டு ஒன்று இருந்தது; பிராசஸர் பொருத்திய சின்னக் கணினிப் பலகை. ஒவ்வொரு சோதனையாக எடுத்து, அந்தப் போர்டில் ஓட்டிப் பார்த்தேன். மகள் இரண்டு தடவை மின்கம்பியை இழுத்துவிட்டாள், இரண்டு தடவையும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு வாரம் ஆனது. ஒன்பது பேட்சிலும் குறிப்பை மிக மரியாதையாக எழுதினேன். எவ்வளவு மரியாதையாக எழுதினேனோ அவ்வளவு குரூரமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அனுப்பினேன். அன்று உப்புமாகூட ருசியாக இருந்தது.

மறுநாள் அவர் பட்டியலில் பதில் எழுதினார். இந்தச் சோதனைகள் தகுந்த காரணத்தோடு வைக்கப்பட்டவை, எடுக்க வேண்டாம். ஒரு வரிதான். எந்த பேட்சும் உள்ளே போக அந்தப் பகுதியின் பொறுப்பாளர் ஏற்க வேண்டும்; அந்த அம்மாள் ஏதோ குளிர்நாட்டில் இருக்கிறார். முகம் பார்த்ததில்லை. அவர் கேட்டார்: என்ன காரணம்? எந்த போர்டில், எப்போது தேவைப்படும்?

அதற்குப் பதில் வரவில்லை. மத்தியானம் தலைவரிடமிருந்து எனக்குத்தான் போன் வந்தது. மகளுக்குப் பருப்புச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னம்மா, எப்படி இருக்கீங்க? பாப்பா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா சார்."

"அந்த பேட்ச்... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அனுப்பியிருக்கலாம். சரி விடுங்க. அந்த செக் எல்லாம் எதுக்குப் போட்டோம்னு ஞாபகம் இருக்கா?"

ஐந்து வருடம் காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னேன்.

"நீங்க எழுதினது சார். எனக்கு எப்படித் தெரியும்?"

மகள் வாயைத் திறந்து அடுத்த கவளத்துக்குக் காத்திருந்தாள். ஊட்டினேன்.

"சரிம்மா," என்றார். குரல் மாறியிருந்தது. "அடுத்த மாசம் டீம் மாத்தப் போறாங்க. டாக்குமெண்டேஷன்ல ஒரு இடம் இருக்கு. கைக்குழந்தை வச்சிருக்கறவங்களுக்கு வசதியா இருக்கும்னு உங்க பேரைச் சொல்லி வச்சிருக்கேன். இன்னும் ஃபைனல் பண்ணல. நீங்க அந்த பேட்ச்சை வாபஸ் வாங்கிடுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்."

வைத்துவிட்டார். சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கையேடு எழுதும் குழுவுக்குப் போனால் திரும்பி வர முடியாது. கெர்னல் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. அதிலும் என் பெயர் எங்கும் இல்லை. ஐந்து வருடத்தில் நான் எழுதிய பெரிய விஷயம் அந்தக் கோப்பு ஒன்றுதான். இப்போது வாபஸ் வாங்கினால் அது என்றென்றைக்கும் அவருடையது.

கணவர் நூல் மில்லில் ஷிப்ட் முடித்து வந்ததும் சொன்னேன். சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"வாபஸ் வாங்கிட்டாத்தான் என்ன? ஜெயிச்சு என்ன செய்யப் போற? வேல நிக்கணும்ல?"

தப்பாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். ஒருவேளை தலைவர் சொல்வதும் சரியோ, ஒருவேளை உண்மையிலேயே ஏதோ காரணம் இருந்து நான்தான் மறந்துவிட்டேனோ என்று நினைப்பு ஓடியது. எனக்கு எல்லாவற்றிலும் இந்த ஒருவேளை வரும். வியாழக்கிழமை ஒன்பதையும் மறுபடி திறந்தேன்.

எட்டு வரை சரியாக இருந்தது. ஒன்பதாவதில் நின்றேன்.

பிராசஸருக்குள் பல பகுதிகள் உண்டு. வேலையில்லாத பகுதியைக் கெர்னல் தூங்க வைக்கும், வேலை வந்தால் எழுப்பும். ஒன்பதாவது சோதனை எழுப்பும் இடத்தில் இருந்தது. பழைய ரக போர்டு ஒன்றில், தூங்கி எழும் பகுதி அந்த வசதியை அணைத்தபடியே எழுந்து வரும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது உயிர் பெறும். அந்தக் கொஞ்ச நேரத்தில் கேட்காமல் பயன்படுத்தினால் போர்டு அப்படியே நின்றுவிடும். பயிற்சிக் காலத்தில் ஆய்வகத்தில் ஒரு பழைய போர்டு இரண்டு நாளாக நின்று நின்று போனதும், நான் அழாத குறையாக அதைக் கண்டுபிடித்ததும் நினைவு வந்தது. அந்தச் சோதனை பயத்தில் வைத்தது இல்லை. தெரிந்து வைத்தது. என் மேசையில் இருப்பது புது ரகம் என்பதால் அது இல்லாமலும் ஓடியது. ஒன்பது என்ற எண்ணின் ருசியில் நான் அதைப் படிக்கவே இல்லை.

தலைவர் சொன்னது ஒன்பதில் ஒன்றுக்காவது சரி. அவருக்கே அது தெரியாது.

மதினி ஆயக்குடிக் கொய்யா நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொண்டுவந்திருந்தார். சொன்னதும் தட்டை வைத்துவிட்டார்.

"இது அந்தாளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அந்தக் குளிர்நாட்டுக்காரிக்கு?"

"தெரியாது."

"அப்புறம் என்னத்துக்கு நீயா போயி அவன் கையில கம்ப எடுத்துக் குடுக்குற? வாய மூடிக்கிட்டு செத்த நேரம் சும்மா இரு."

"போர்டு நின்னு போயிரும் மதினி."

"யாரு வீட்டு போர்டு?"

"யாரு வீட்டுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்கயோ ஒரு ஆஸ்பத்திரியில இருக்கும், எங்கயோ ஒரு கம்பெனியில இருக்கும்."

மதினி ஒரு துண்டுக் கொய்யாவை எடுத்து மென்றார். "போடு போ. உனக்குப் பழிவாங்கக்கூடத் தெரியல."

நான் ரொம்ப நல்லவள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பேட்ச் உள்ளே போய் நாளைக்கு ஏதாவது நின்றால், எடுத்தவள் என்று என் பெயர்தான் வரும். என் பெயர் முதன்முதலாக அந்தக் கோப்பில் வருவது அப்படி இருக்கக்கூடாது. அந்தச் சந்தோஷத்தைத் தலைவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

பட்டியலில் எழுதினேன். ஒன்பதாவது பேட்சை ஏற்க வேண்டாம், தவறு என்னுடையது. பழைய ரக போர்டில் பகுதி எப்படி எழும், வசதி எப்போது உயிர் பெறும், சோதனை இல்லாவிட்டால் எந்த இடத்தில் நிற்கும் என்று ஆய்வகத்தில் பார்த்ததை அப்படியே விவரித்தேன். அனுப்பிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டேன். பூக்காரம்மாவிடம் வேண்டாத மல்லிகை இரண்டு முழம் வாங்கினேன்.

திரும்பி வந்து பார்த்தபோது பொறுப்பாளர் அம்மாளின் பதில் இருந்தது. சரியாகச் சொன்னீர்கள், நன்றி. ஆனால் அந்த முதல் மாற்றத்தின் குறிப்பில் இதில் ஒரு வார்த்தைகூட இல்லையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?

பதில் எழுத முக்கால் மணி நேரம் ஆனது. முதலில் எழுதியது: என் நினைவு சரியென்றால், இதை எழுதியதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அழித்தேன். இதில் நானும் உதவியாக இருந்தேன். அதையும் அழித்தேன். மதினி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் எழுதியதை அவர் படித்தார், மூக்கால் ஒரு சத்தம் மட்டும் விட்டார். கடைசியில் இவ்வளவுதான் அனுப்பினேன்:

அதை எழுதியது நான்.

அன்று இரவு எதுவும் வரவில்லை. கையேட்டுக் குழுவில் என் மேசை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். வெஞ்சனமாக வைத்த பொரியலோடு சேர்த்துச் சாப்பிட்டால் தெரியாது என்று கணவர் சொன்னார். தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை என் தலைவர் எழுதினார். எட்டு வீண் சோதனைகளின் பழியையும் என் தலையில் தள்ளத்தான் எழுதினார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் வரிகள் இவை: ஆம், அப்போது பயிற்சியில் இருந்த இவர்தான், இந்தத் தேவையற்ற சோதனைகள் உட்பட, இந்தக் கோப்பு முழுவதையும் எழுதினார். குழுவின் சார்பில் நான் அனுப்பி வைத்தேன், அவ்வளவே.

முழுவதையும். அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எட்டுச் சேற்றுக் கட்டியை என் மேல் எறிவதற்காகத் தோட்டத்தையே எழுதிக் கொடுத்துவிட்டார். மாடிக்கு ஓடினேன். மதினி பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் போனில் படித்தார்.

"கிறுக்குப்பய," என்றார் நிதானமாக. "தானா வந்து கையெழுத்துப் போட்டுட்டானே."

நான் உடனே பதில் எழுதினேன், இந்த முறை ஒரு எழுத்தையும் அழிக்கவில்லை. ஆம், முழுவதையும் நான்தான் எழுதினேன், உறுதி செய்ததற்கு நன்றி.

பொறுப்பாளர் அம்மாள் கோபமாக எழுதவில்லை. எழுதியவர் பெயரை முதல் வரியில் போடாமல் இன்னொருவர் வேலையை அனுப்பக்கூடாது, இனி இப்படி நடக்காது என்று நம்புகிறேன் என்று தலைவரிடம் இரண்டே வரி சொன்னார். அந்த இரண்டு வரியை உலகமே படிக்கும். என்னிடம், எட்டுப் பேட்சையும் ஒன்றாகச் சேர்த்து அனுப்புங்கள், இப்படிப் பிரிக்கத் தேவையே இல்லை என்றார். காது சிவந்தது. ஒன்பதாவது சோதனைக்கு மேல் காரணத்தை ஒரு குறிப்பாக எழுதச் சொன்னார். கடைசியாக, இந்தப் பகுதி பற்றி இவ்வளவு தெரிந்தவர் நீங்கள்தான் என்று தெரிகிறது, பொறுப்பாளர்கள் பட்டியலில் இதற்கு உங்கள் பெயரைச் சேர்த்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

சேர்த்தேன். என் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்லமாட்டேன்.

கையேட்டுக் குழுப் பேச்சு அதோடு நின்றது. வெளியே உலகம் பார்க்கும் பட்டியலில் என் பெயர் இருக்கும் பகுதியை விட்டு என்னை எடுத்தால் யார் பார்ப்பது என்று மேலிடத்தில் கேட்டார்களாம். பழைய வரலாற்றை மட்டும் யாராலும் திருத்த முடியாது. நான் தொடாத வரிகளில் இன்னும் அவர் பெயர்தான் நிற்கிறது. ஒரு வரியில் ஏதாவது மாற்றினால் அது மாற்றியவர் பெயருக்குப் போய்விடும். ஒரு காரணமும் இல்லாமல் எல்லா வரியையும் ஒருமுறை தொட்டுவிடலாமா என்று நினைத்ததுண்டு. அது அசிங்கம். இன்னும் நினைக்கிறேன்.

போன வியாழக்கிழமை அந்தக் கோப்புக்கு வேறொருவரிடமிருந்து முதல் மாற்றம் வந்தது. அனுப்பியவர் என் தலைவர். புது போர்டு ஒன்றுக்காகப் பதினான்கு வரி. நான் சரி என்று எழுதாமல் அது உள்ளே போகாது. அன்றே மூன்று தடவை படித்தேன். மகள் மத்தியானம் தூங்கும்போது போர்டில் ஏற்றி ஓட்டியும் பார்த்தேன். நன்றாக ஓடுகிறது. தப்பு ஒன்றும் இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

வெள்ளிக்கிழமை ஒரு அஞ்சல் வந்தது: நேரம் கிடைத்ததா? சனிக்கிழமை இன்னொன்று. அதில் என்னை முதன்முதலாக மேடம் என்று எழுதியிருந்தார்.

சம்மதம் எழுதித் தயாராக வைத்திருக்கிறேன். அனுப்பும் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. அவருக்கு மேலே ஒருவர் அவரை நெருக்கிக்கொண்டிருப்பார், எனக்குத் தெரியும். செய்வது சரியில்லை என்றும் தெரியும். திங்கட்கிழமை காலை அழுத்திவிடுவேன். மதினி செவ்வாய்க்கிழமை வரை கிடக்கட்டும் என்கிறார்.